பெருங்குடல் புற்றுநோயும் செல் ஒட்டு மூலக்கூறுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கியவர்கள் கண்ணில் சீக்கிரமே சில பெயர்கள் படும்: ஈ-கேடரின், பீட்டா-கேட்டெனின், சிஇஏ, எப்கேம், சிடி44. எல்லாமே செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் ஏற்பாட்டோடு சம்பந்தப்பட்டவை. “கட்டி முற்றும்போது செல்களின் பிடி விட்டுப்போகிறது, அதனால் பரவுகிறது” என்று ஒரே வரியில் இதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் பாதிதான் உண்மை. ஒரு ஒட்டு மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டால் தப்பான பதில் கிடைக்கும். செல்லுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது, கட்டியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேட்டால்தான் படம் தெளிவாகும். கீழே உள்ள பதில்களில் திரும்பத் திரும்ப இந்தக் கேள்விக்கே வருவோம்.

மருத்துவ மாணவர்கள், ஆய்வுக்குள் புதிதாக வருபவர்கள், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு புரியாமல் தவிக்கும் குடும்பத்தினர் ஆகிய மூன்று தரப்பினரின் கேள்விகளும் இங்கே கலந்து இருக்கின்றன.

செல் ஒட்டு மூலக்கூறு என்று எதைச் சொல்கிறோம்?

செல்லின் மேற்சவ்வில் பதிந்திருந்து, பக்கத்துச் செல்லையோ அடியில் உள்ள தளத்தையோ பற்றிக்கொள்ளும் புரதங்களை. கேடரின்கள், இன்டெக்ரின்கள், செலக்டின்கள், இம்யூனோகுளோபுலின் பெருங்குடும்பம் என்று நான்கு பெரிய குடும்பங்கள் உண்டு. இந்த நான்கிலும் அடங்காத சிடி44, எப்கேம், கிளாடின் போன்றவையும் இருக்கின்றன.

பற்றிக்கொள்வதோடு இவற்றின் வேலை முடிவதில்லை. வெளியே என்ன பிடிபட்டிருக்கிறது என்ற செய்தியையும் செல்லின் உள்ளே கொண்டுபோகின்றன. வளர்வதா, நகர்வதா, சாவதா என்று செல் எடுக்கும் முடிவில் அந்தச் செய்திக்குப் பங்கு உண்டு. புற்றுநோய் ஆய்வில் இவற்றுக்கு இவ்வளவு இடம் கிடைத்ததே அதனால்தான்.

நல்ல நிலையில் உள்ள பெருங்குடலில் இவை எங்கே இருக்கின்றன?

பெருங்குடலின் உட்பரப்பு ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது. அந்த வரிசை எண்ணற்ற நுண்ணிய குழிகளாக உள்மடிந்திருக்கும். குழியின் அடியில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அங்கே பிறக்கும் செல் மெல்ல மேலேறி, நாலைந்து நாளில் மேற்பரப்பை எட்டி உதிர்ந்துவிடும். ஆக, இந்தச் செல்கள் பக்கத்துச் செல்லை விடாமல் பிடித்துக்கொண்டே இடமும் மாற வேண்டும்.

ஒரு செல்லின் பக்கச் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தால், முதலில் கிளாடின், அக்லூடின் சேர்ந்து அமைக்கும் இறுக்கமான அடைப்பு வரும். குடலில் உள்ளவை உள்ளே கசியாமல் தடுப்பது அது. அதற்குக் கீழே ஈ-கேடரின் பட்டை, அதற்கும் கீழே டெஸ்மோசோம்கள் என்ற பொட்டு போன்ற இணைப்புகள். செல்லின் அடிப்பக்கத்தில் ஆல்ஃபா6-பீட்டா4 என்ற இன்டெக்ரின் அடித்தளப் படலத்தைப் பற்றி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இடம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கட்டி வளரும்போது முதலில் குலைவது பெரும்பாலும் இந்த இட ஒழுங்குதான்.

ஈ-கேடரின் எப்படிப் பிடிக்கிறது?

செல்கள் ஒட்டுவதற்குக் கால்சியம் தேவைப்படும் ஓர் அமைப்பு இருப்பதை 1970-களின் பிற்பகுதியில் இனம்கண்டவர் ஜப்பானிய விஞ்ஞானி மசதோஷி தகேய்ச்சி. அந்த அமைப்பின் புரதங்களுக்குப் பின்னர் கேடரின் என்று பெயரிட்டார்கள். உறுப்புகளின் பரப்பைப் போர்த்தும் எபிதீலியச் செல்களில் உள்ள வகை ஈ-கேடரின். அதன் மரபணு சிடிஎச்1, 16-ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

செல்லுக்கு வெளியே இந்தப் புரதம் ஐந்து கண்டங்களாக நீட்டிக்கொண்டிருக்கும். கண்டங்களுக்கு இடையில் கால்சியம் அயனிகள் அமர்ந்தால் அது விறைத்து நிற்கும். கால்சியத்தை எடுத்துவிட்டால் தொய்ந்துபோகும். நுனிக் கண்டத்தில் ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. அது எதிர்ச் செல்லின் கேடரினில் உள்ள பள்ளத்துக்குள் போய் அமரும். எதிர்ச் செல்லின் ட்ரிப்டோஃபேன் இந்தப் பக்கத்துப் பள்ளத்துக்குள் வரும். இருவர் கைகோத்துக்கொள்வது போல, பிடியில் இரண்டு பக்கத்துக்கும் சம பங்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பிடியும் பலவீனமானது. ஆயிரக்கணக்கில் சேரும்போது உறுதியாகிறது.

செல்லின் உள்ளே நீளும் வால்பகுதியில் பி120-கேட்டெனினும் பீட்டா-கேட்டெனினும் ஒட்டியிருக்கும். பீட்டாவைப் பிடித்து ஆல்ஃபா-கேட்டெனின் நிற்க, அது ஆக்டின் இழைகளோடு இணைகிறது. வெளிப்பிடி இப்படித்தான் செல்லின் எலும்புக்கூட்டோடு கட்டப்படுகிறது.

அப்படியானால் கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் பிடி வலுப்படுமா?

படாது. ரத்தத்திலும் திசுக்களிலும் கால்சியத்தின் அளவை உடல் மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. கேடரினுக்குத் தேவையானது அதிலேயே போதுமான அளவு இருக்கிறது. கட்டியில் ஈ-கேடரின் குறைவது கால்சியப் பற்றாக்குறையால் அல்ல.

ஏபிசி மரபணு பழுதாவதுதான் தொடக்கம் என்கிறார்கள். அதற்கும் ஒட்டுதலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் பீட்டா-கேட்டெனின் வழியாக வருகிறது. இந்தப் புரதத்துக்கு இரண்டு வேலைகள். சவ்வோரத்தில் ஈ-கேடரினோடு நின்று பிடிக்கு உதவுவது ஒன்று. உட்கருவுக்குள் போய் டிசிஎஃப்4 என்ற புரதத்தோடு சேர்ந்து மரபணுக்களை முடுக்கிவிடுவது இன்னொன்று. இரண்டாவது வேலைக்குக் கண்டிப்பான கட்டுப்பாடு உண்டு. சைட்டோபிளாசத்தில் மிதக்கும் பீட்டா-கேட்டெனினை ஏபிசி, ஆக்ஸின், ஜிஎஸ்கே3 முதலியவை சேர்ந்த ஒரு கூட்டமைப்பு பிடித்து, அழிப்பதற்கு அடையாளமிட்டு அனுப்பிவிடும்.

பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் ஏபிசி பழுதாகியிருக்கிறது. 1991-ல் இனம்காணப்பட்ட இந்த மரபணுவின் பழுதை ஒருவர் பிறவியிலேயே பெற்றிருந்தால், இளம்வயதிலேயே நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பாலிப்கள், அதாவது குடல் உட்சுவரில் சிறு கட்டிகள், முளைக்கும். ஏபிசி இல்லாவிட்டால் பீட்டா-கேட்டெனின் அழிக்கப்படாமல் குவியும்; உட்கருவுக்குள் நுழையும்; மிக், சைக்ளின் டி1 போன்ற வளர்ச்சி மரபணுக்களை முடுக்கும். சிடி44, எல்1கேம் என்ற வேறு இரண்டு ஒட்டு மூலக்கூறுகளும் அது முடுக்கிவிடும் பட்டியலில் இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தத் தொடக்கக் கட்டத்தில் செல்களின் பிடி அநேகமாக அப்படியே இருக்கிறது. இன்னும் புற்றாக மாறாத ஒரு சாதாரண அடினோமா பாலிப்பை எடுத்துப் பார்த்தால் ஈ-கேடரின் சவ்வோரத்தில் நன்றாகவே தெரியும். பிடியை இழப்பதற்கு வெகுகாலம் முன்பே, பிடிக்கு உதவிய புரதம் இன்னொரு வேலைக்கு இழுக்கப்பட்டுவிடுகிறது.

கட்டி முற்ற முற்ற ஈ-கேடரின் காணாமல் போய்விடுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பலரும் “ஆம்” என்று சொல்லிவிடும் கேள்வியும் இதுதான். நேர்மையான பதில்: பெரும்பாலான பெருங்குடல் கட்டிகளில், பெரும்பாலான இடங்களில், போவதில்லை.

மற்ற உறுப்புகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புலப்படும். இரைப்பையில் பரவலாக ஊடுருவும் வகைப் புற்றுநோயிலும், மார்பகத்தின் லோபுலர் வகையிலும் சிடிஎச்1 மரபணுவே பழுதாகி, ஈ-கேடரின் முழுதாக இல்லாமல் போவது வழக்கம். இரைப்பைப் புற்றுநோய் பரம்பரையாக வந்த ஒரு நியூசிலாந்து மாவோரி குடும்பத்தில் சிடிஎச்1 பழுது 1998-ல் கண்டறியப்பட்டது. பெருங்குடலில் சிடிஎச்1 பழுது அபூர்வம். உட்கரு ஓரத்துக்கு ஒதுங்கி, செல் மோதிரம் போலத் தெரியும் முத்திரை மோதிரச் செல் வகையில் ஈ-கேடரின் குறைவது உண்டு. ஆனால் அந்த வகை பெருங்குடல் புற்றுநோய்களில் 1 சதவீத அளவே.

பெருங்குடலில் நடப்பது பெரும்பாலும் தற்காலிகமான அடக்கல். ஸ்நெயில், ஸ்லக், ட்விஸ்ட், செப்1 போன்ற புரதங்கள் சிடிஎச்1 மரபணுவின் முகப்பில் அமர்ந்து அதை வாயடைக்கின்றன. சில கட்டிகளில் அந்த முகப்பு மெத்தில் என்ற வேதிக் குறிகளால் மூடப்படுகிறது. செல்லின் வெளியே ஏடாம்10 போன்ற நொதிகள் ஈ-கேடரினை நறுக்கி, சுமார் 80 கிலோடால்டன் எடையுள்ள துண்டாக உதிர்த்துவிடுவதும் உண்டு. சில செல்களில் புரதம் இருக்கிறது, ஆனால் சவ்வை விட்டுச் சைட்டோபிளாசத்துக்குள் இழுக்கப்பட்டிருக்கிறது. மரபணு பழுதாகாததால் இவற்றில் பலவும் திரும்பக்கூடியவை. பின்னால் கல்லீரல் பற்றிப் பேசும்போது இது முக்கியமாகிவிடும்.

ஸ்லைடில் இதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஈ-கேடரினுக்குப் பழுப்புச் சாயம், உட்கருக்களுக்கு நீலச் சாயம் ஏற்றிய ஸ்லைடு. கட்டியின் நடுப்பகுதியில் சுரப்பிகள் வடிவம் கெட்டிருந்தாலும் சுரப்பிகளாகவே இருக்கும். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு ஓடி, தேன்நிற வலை விரித்த மாதிரி தெரியும். ஸ்லைடை நகர்த்திக்கொண்டு, கட்டி தசைக்குள் நுழையும் ஓரத்துக்கு வந்தால் காட்சி மாறும். ஒரு சுரப்பியின் விளிம்பு கலைந்திருக்கும். அதிலிருந்து சற்றுத் தள்ளி, நார்த்திசுவுக்கு நடுவே இரண்டு செல்கள் மட்டும் தனியாக நிற்கும். அவற்றைச் சுற்றிக் கோடு இல்லை; உள்ளே மங்கலான பழுப்புப் புள்ளிகள் மட்டும். அதே இடத்தைப் பீட்டா-கேட்டெனினுக்குச் சாயமேற்றிப் பார்த்தால், அந்த இரண்டு செல்களின் உட்கருவே பழுப்பாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே, அதே கட்டியில், அதே ஏபிசி பழுதைச் சுமந்த செல்களில், பீட்டா-கேட்டெனின் இன்னும் சவ்வோரத்திலேயே நிற்கிறது.

எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுப் பழுது இருக்கும்போது ஓரத்தில் மட்டும் ஏன் இப்படி? சுற்றியுள்ள நார்த்திசுச் செல்களும் அழற்சிச் செல்களும் அனுப்பும் சமிக்ஞைகள், முக்கியமாக டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம், அந்த ஓரத்துச் செல்களை மாற்றுகின்றன என்பதே இன்று ஏற்கப்பட்ட விளக்கம். ஜெர்மனியின் தாமஸ் பிராப்லெட்ஸ் குழு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த முரணை விரிவாகப் பதிவுசெய்தது. இந்தத் துறையில் என் மனதில் ஆழமாக நின்ற வேலை அதுதான்.

ஓரத்தில் தனித்து நிற்கும் அந்தச் செல்களை மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்களா?

எடுக்கிறார்கள். அதற்கு ட்யூமர் பட்டிங் என்று பெயர். கட்டியின் ஊடுருவும் ஓரத்தில் தனியாகவோ, நான்கு செல்கள் வரை சேர்ந்த சிறு கூட்டமாகவோ பிரிந்து நிற்பதை ஒரு மொட்டு என்று எண்ணுவார்கள். 2016-ல் சர்வதேச ஒப்புதல் மாநாடு ஒன்று எண்ணும் முறையை வகுத்தது. மொட்டுகள் மிக அதிகமாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்து, 0.785 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எண்ண வேண்டும். 0 முதல் 4 வரை குறைவு, 5 முதல் 9 வரை நடுத்தரம், 10-உம் அதற்கு மேலும் அதிகம்.

கொலனோஸ்கோபியில் அகற்றிய பாலிப்பில் தொடக்கநிலைப் புற்றுநோய் இருந்தால், நிணநீர்க்கணுக்களுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பை மதிப்பிட இந்த எண்ணிக்கை உதவுகிறது. மேற்கொண்டு அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற முடிவில் இதற்கு இடம் உண்டு. ஸ்டேஜ் 2, அதாவது நிணநீர்க்கணுக்களுக்குப் பரவாத புற்றுநோயில் கீமோதெரபி தரலாமா என்று யோசிக்கும்போதும் பார்ப்பார்கள். இதற்கு ஈ-கேடரின் சாயம் தேவையில்லை. சாதாரண ஹெமடாக்ஸிலின்-இயோசின் ஸ்லைடிலேயே எண்ணிவிடலாம். ஒட்டுதல் குலைந்ததன் விளைவைக் கண்ணால் எண்ணும் இந்த எளிய முறை, பல விலையுயர்ந்த மூலக்கூறுச் சோதனைகளைவிட நோயாளிக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது என்பதே என் கருத்து.

இஎம்டி என்று படிக்கிறேன். பெருங்குடலில் அது உண்மையிலேயே நடக்கிறதா?

எபிதீலியச் செல் தன் பிடியையும் வடிவத்தையும் விட்டு, நார்த்திசுச் செல்லைப் போல நீண்டு நகரத் தொடங்கும் மாற்றத்தைத்தான் இஎம்டி என்கிறார்கள். பெருங்குடலில் முழு மாற்றம் குறைவு. பாதி மாற்றமே அதிகம். ஈ-கேடரின் கொஞ்சம் குறைந்து, நார்த்திசுச் செல்களுக்கு உரிய வைமென்டின் போன்றவை கொஞ்சம் கூடி, இரண்டு குணமும் கலந்த நிலை. முழுதாக உதிரியாகாமல் கூட்டமாகவே நகரும் செல்களும் ஏராளம்.

ஓர் எச்சரிக்கை. 2015-ல் பெருங்குடல் புற்றுநோயை மரபணு வெளிப்பாட்டின்படி நான்கு வகைகளாகப் பிரித்தார்கள். அதில் சிஎம்எஸ்4 என்ற வகையில் நார்த்திசு மரபணுக்கள் தூக்கலாக இருக்கும். நோய் மறுபடி வரும் அபாயமும் அதில் அதிகம். இதைப் படிப்பவர்கள் “புற்றுச் செல்களே உருமாறிவிட்டன” என்று புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அந்த மரபணுச் சமிக்ஞையில் பெரும்பங்கு கட்டிக்குள் இருக்கும் சாதாரண நார்த்திசுச் செல்களிடமிருந்து வருகிறது என்று அதே ஆண்டில் வெளியான வேறு ஆய்வுகள் காட்டின. திசுவை அரைத்து ஆர்என்ஏ எடுத்தால் யாருடையது எது என்று தெரியாமல் போய்விடும்.

கல்லீரலில் உள்ள கட்டியில் ஈ-கேடரின் நன்றாகவே இருக்கிறதே, எப்படி?

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் போகும் வழி போர்ட்டல் வெயின் எனப்படும் கல்லீரல் வாயில் சிரை. அங்கே வளர்ந்த கட்டியை வெட்டிப் பார்த்தால், மூலக்கட்டியைப் போலவே சுரப்பிகள், சவ்வோரத்தில் ஈ-கேடரின் எல்லாம் இருக்கும். ஓரத்தில் பிடியை விட்ட செல்தான் பரவியது என்றால், புது இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மரபணு பழுதாகாமல் அடக்கப்பட்டு மட்டும் இருந்ததால் இது முடிகிறது. குடியேறிப் பெருகுவதற்கு, எபிதீலியக் குணம் திரும்புவது அந்தச் செல்லுக்கே லாபம்.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. பிடியை விடாமலேயே கொத்தாகப் பயணித்திருக்கலாம். மார்பகப் புற்றுநோய் பற்றி 2014-ல் வெளியான எலி ஆய்வில், ரத்தத்தில் தனியாக மிதக்கும் செல்களைவிடக் கொத்தாக மிதப்பவை 23 முதல் 50 மடங்கு வரை அதிகமாகப் புதுக் கட்டிகளை உண்டாக்கின. கொத்தைச் சேர்த்துப் பிடித்தது பிளாக்கோகுளோபின் என்ற ஒட்டுப் புரதம். அந்த எண்களைப் பெருங்குடலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், ஒட்டுதல் எப்போதுமே பரவலுக்கு எதிரி என்ற எண்ணத்தை அது உடைத்துவிட்டது.

சிஇஏ வெறும் ரத்தப் பரிசோதனைதானே? அதை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்?

சிஇஏ ஒரு ஒட்டு மூலக்கூறு. இம்யூனோகுளோபுலின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. 1965-ல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மேனும் பெருங்குடல் கட்டியிலும் கருவின் குடலிலும் இதைக் கண்டார்கள். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தன்மை இதற்கு உண்டு என்பது 1989-ல்தான் நிறுவப்பட்டது. இன்றைய முறையான பெயர் சீகேம்5.

வளர்ந்தவர்களின் நல்ல குடலிலும் சிஇஏ இருக்கிறது. ஆனால் செல்லின் உச்சியில், குடலின் உட்புறம் பார்த்தபடி மட்டும் இருக்கிறது. அங்கிருந்து உதிர்வது மலத்தோடு போய்விடும். கட்டியில் செல்லின் மேல்-கீழ் ஒழுங்கு குலைகிறது. சிஇஏ செல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவுகிறது. உதிர்வது திசுவுக்குள்ளும், அங்கிருந்து ரத்தத்துக்கும் வருகிறது. ரத்தத்தில் சிஇஏ ஏறுவதற்கு அதிகமாகச் சுரப்பது மட்டும் காரணமல்ல. இடம் மாறியதும் காரணம். ஆனால் ஒழுங்கு முற்றிலும் குலைந்த சில மோசமான கட்டிகள் சிஇஏவைத் தயாரிப்பதையே குறைத்துவிட, ரத்தத்தில் அளவு ஏறாமலே இருக்கக்கூடும்.

பக்கத்துச் செல்லோடு ஒட்டுவதைத் தவிர இன்னொரு குணமும் சிஇஏவுக்கு உண்டு. அடித்தளத்தை விட்டுப் பிரிந்த எபிதீலியச் செல் இயல்பாகத் தானே செத்துவிடும். சிஇஏவும் அதன் உறவான சீகேம்6-உம் மிகுந்த செல்கள் அந்தச் சாவைத் தள்ளிப்போடுகின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ரத்தத்தில் மிதந்து பயணிக்கும் செல்லுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன?

எப்கேம் பற்றிச் சொல்லுங்கள். அதைக் குறிவைத்து மருந்து வந்ததாமே?

வந்தது, நீடிக்கவில்லை. 1970-களின் இறுதியில் பெருங்குடல் கட்டிச் செல்களை எலிக்குச் செலுத்தி உருவாக்கிய 17-1ஏ என்ற ஆன்டிபாடி பற்றிக்கொண்ட இலக்குதான், எபிதீலியச் செல்களின் சவ்வில் உள்ள ஒட்டுப் புரதமான எப்கேம். அந்த ஆன்டிபாடியை எட்ரிகோலோமாப் என்ற மருந்தாக்கினார்கள். 1994-ல் ஜெர்மனியில் 189 நோயாளிகளிடம் நடந்த சோதனை, அறுவைக்குப் பின் அது தரப்பட்டவர்களிடம் இறப்பு 30 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. பெரும் நம்பிக்கை பிறந்தது. 2002-ல் 2,700-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அது பொய்த்தது: கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் இல்லை, தனியாகக் கொடுத்தால் கீமோதெரபியைவிட மோசம். சிறிய சோதனையின் நல்ல செய்தியை எவ்வளவு நிதானமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கு மாணவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கதையைத்தான்.

எப்கேமுக்கு வேறு இரண்டு பயன்கள் நிலைத்துவிட்டன. ரத்தத்தில் மிதக்கும் புற்றுச் செல்களைப் பிடிக்கும் செல்சர்ச் என்ற கருவி, எப்கேம் ஆன்டிபாடி பூசிய காந்தத் துகள்களால்தான் அவற்றை இழுக்கிறது. பரவிய பெருங்குடல் புற்றுநோயில் 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில் மூன்றோ அதற்கு மேலோ கிடைத்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கும் என்பது கணக்கு. எப்கேமை விட்டுவிட்ட செல்கள் இந்த வலையில் சிக்காது என்பது அதன் குறை.

இரண்டாவது பயன் மரபியலில். எப்கேம் மரபணுவுக்கு அடுத்த வீட்டில் இருப்பது, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எஸ்எச்2. எப்கேமின் வால்முனை அறுந்துபோனால், அதன் வாசிப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் எம்எஸ்எச்2-க்குள் ஓடி, அதன் முகப்பை மெத்தில் குறிகளால் அடைத்துவிடுகிறது. விளைவு லின்ச் சின்ட்ரோம் எனும் பரம்பரைப் புற்றுநோய் நிலை. 2009-ல் தெரியவந்தது. எம்எஸ்எச்2 புரதம் காணவில்லை, ஆனால் மரபணுவில் பழுதும் தெரியவில்லை என்றால் எப்கேமையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பழைய பாடநூல்களில் டிசிசி என்ற ஒட்டு மூலக்கூறு வருகிறது. இப்போது ஏன் பேசுவதில்லை?

1990-ல் 18-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் அதைக் கண்டபோது, நரம்புச் செல்களின் ஒட்டு மூலக்கூறுகளைப் போல அமைந்திருந்ததால் இதுவும் அப்படிப்பட்டதே என்று எண்ணினார்கள். பிறகு அது நெட்ரின்-1 என்ற வழிகாட்டிப் புரதத்தின் ஏற்பி என்று தெரிந்தது. அதே குரோமோசோம் பகுதி தொலையும்போது கூடவே தொலையும் ஸ்மாட்4 மரபணுவுக்கு இன்று அதிக முக்கியத்துவம் தரப்படுகிறது.

சிடி44, எல்1கேம் இரண்டும் கூடுகின்றன என்கிறார்கள். ஒட்டு மூலக்கூறு கூடினால் நல்லதுதானே?

எதைப் பற்றிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. சிடி44 பற்றுவது ஹையலுரானை. அதாவது செல்களுக்கு இடையில் உள்ள வழுவழுப்பான சர்க்கரைச் சங்கிலியை. செல் நகர்ந்துபோக அது பாதையாகிறது. சிடி44 மரபணுவை வெட்டி ஒட்டி வாசிப்பதால் பல வடிவங்கள் கிடைக்கின்றன. மாற்று வடிவம் ஒன்றைப் பெற்ற எலிக் கட்டிச் செல்கள் பரவத் தொடங்கியதை 1991-ல் கண்டார்கள். அதிலிருந்து வி6 வடிவம் பெருங்குடல் பரவலோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகிறது. அதைக் குறிவைத்த ஒரு மருந்து, தலை-கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையில் தோலைக் கடுமையாகத் தாக்கி உயிரிழப்பு நேர்ந்ததால் கைவிடப்பட்டது. தோல் செல்களிலும் வி6 தாராளமாக இருப்பதுதான் காரணம்.

எல்1கேம் இயல்பாக நரம்பு வளர்ச்சியில் வேலை செய்வது. பெருங்குடல் கட்டியில் ஊடுருவும் ஓரத்துச் செல்களில் அது தலைகாட்டுகிறது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எபிதீலிய வரிசை குலைந்து, ஈ-கேடரின் பிடி விட்டுப்போனதும், எல்1கேமை அடக்கி வைத்திருந்த ரெஸ்ட் என்ற புரதம் விலகி, எல்1கேம் எழுகிறது என்று அது காட்டியது. குடல் புண் ஆறும்போது நல்ல செல்கள் கையாளும் வழியே அது. பரவும் செல், புண்ணாற்றும் வழியைக் கடன் வாங்கிக்கொள்கிறது. ஒரு பிடி போகும் அதே நேரத்தில் இன்னொரு பிடி வருகிறது.

இன்டெக்ரின், செலக்டின்?

இன்டெக்ரின்களில் பெருங்குடலுக்கு முக்கியமானது ஆல்ஃபாவி-பீட்டா6. நல்ல குடலில் அரிது. கட்டியின் ஓரத்தில் எழுகிறது. உறங்கும் டிஜிஎஃப்-பீட்டாவை எழுப்பிவிடுகிறது. செலக்டின்களில் ஈ-செலக்டின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருப்பது. புற்றுச் செல்லின் மேல் உள்ள சியலில் லூயிஸ் சர்க்கரைகளை அது பிடித்து, ஓடும் ரத்தத்திலிருந்து செல்லை ஓரத்துக்கு இழுக்கிறது. ரத்தத்தில் அளக்கும் சிஏ19-9 அந்தச் சர்க்கரைகளில் ஒன்றுதான்.

குடல் பாக்டீரியாவுக்கும் ஈ-கேடரினுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வாயில் சாதாரணமாக இருக்கும் ஃப்யூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற கிருமி பல பெருங்குடல் கட்டிகளில் காணப்படுகிறது. அதன் ஃபாட்-ஏ என்ற புரதம் ஈ-கேடரினையே பற்றிக்கொண்டு பீட்டா-கேட்டெனின் சமிக்ஞையை முடுக்குகிறது என்று 2013-ல் காட்டினார்கள். இதை வைத்து ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொள்ளத் தொடங்குவது தவறு. அப்படி ஒரு சிகிச்சை முறை நடைமுறையில் இல்லை.

ஈ-கேடரின் குறைந்தால் ஆயுள் குறையும் என்று ஒரு கட்டுரை. தொடர்பே இல்லை என்று இன்னொன்று. எதை நம்புவது?

இரண்டும் நேர்மையாகச் செய்யப்பட்டவையாக இருக்கலாம். கேட்க வேண்டியது: திசுவை எங்கிருந்து எடுத்தார்கள்? நூற்றுக்கணக்கான நோயாளிகளின் திசுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில் மாதிரிகளைக் குடைந்து ஒரே ஸ்லைடில் அடுக்குவது வழக்கம். அவை கட்டியின் நடுவிலிருந்து குடையப்பட்டிருந்தால், மாற்றம் நடக்கும் ஓரமே ஆய்வில் இல்லை. எதை எண்ணினார்கள்? சவ்வோரச் சாயத்தை மட்டுமா, சைட்டோபிளாசத்தையும் சேர்த்தா? புரதத்தை அளந்தார்களா, ஆர்என்ஏவையா? எந்த ஆன்டிபாடி, புரதத்தின் வெளிப்பகுதியைப் பற்றுவதா, உள்வாலைப் பற்றுவதா? வெளிப்பகுதி நறுக்கப்பட்ட செல் ஒன்றில் குறைவாகவும் இன்னொன்றில் நிறைவாகவும் தெரியும். “அதிகம்”, “குறைவு” என்ற கோட்டை முன்கூட்டியே வரைந்தார்களா, முடிவைப் பார்த்த பிறகா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாத கட்டுரையை ஒதுக்கிவைப்பதே நல்லது.

பயாப்சி ரிப்போர்ட்டில் ஈ-கேடரின் பற்றி எதுவும் இல்லை. பரிசோதனை விட்டுப்போயிற்றா?

இல்லை. பெருங்குடல் புற்றுநோயில் அது வழக்கமான சோதனை அல்ல. சிகிச்சை அதை வைத்து முடிவாவதும் இல்லை. ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை வேறு: எவ்வளவு ஆழம் ஊடுருவியது, எத்தனை நிணநீர்க்கணுக்களில் நோய் இருக்கிறது, ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, வெட்டிய ஓரம் சுத்தமா, பட்டிங் எந்த அளவு, எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய டிஎன்ஏ பிழை திருத்தும் நான்கு புரதங்களும் இருக்கின்றனவா. நோய் பரவியிருந்தால் கேராஸ், என்ராஸ், பிராஃப் மரபணுச் சோதனைகளும் சேரும். இவற்றில் ஏதாவது குறிப்பிடப்படவில்லை என்றால் அதைத் தயங்காமல் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்தவருக்கு சிஇஏ ஏறியிருக்கிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

முதலில் அதே ஆய்வகத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ஒற்றை எண்ணைவிட, அடுத்தடுத்து ஏறுகிறதா என்பதே பேசும். பொதுவாக மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை இயல்பு என்று கொள்கிறார்கள்; புகைபிடிப்பவர்களுக்கு அது சற்று அதிகமாகவே இருக்கும். ரத்தத்திலிருந்து சிஇஏவை அகற்றுவது கல்லீரல் என்பதால், கல்லீரல் நோய் இருந்தாலும் ஏறும். குடல் அழற்சி நோயிலும் ஏறலாம். ஆக்ஸாலிபிளாட்டின் கலந்த கீமோதெரபி தொடங்கிய முதல் சில வாரங்களில் ஏற்றம் தெரிந்தால், அதை நோய் முற்றியதாக உடனே கொள்ளக்கூடாது.

தொடர்ந்து ஏறினால் மார்பு, வயிறு, இடுப்புப் பகுதிக்கு சிடி ஸ்கேன், கொலனோஸ்கோபி, தேவைப்பட்டால் பெட் ஸ்கேன் என்று தேடுவார்கள். தேடுவதில் அர்த்தம் இருக்கிறது: கல்லீரலிலோ நுரையீரலிலோ ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் திரும்பியிருந்தால் அறுவையால் அகற்றும் வாய்ப்பு உண்டு. அறுவைக்குப் பின் முதல் இரண்டு ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு ஐந்து ஆண்டு வரை 6 மாதங்களுக்கு ஒருமுறை சிஇஏ பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். நோய் இல்லாதவர்கள் “எதற்கும் பார்த்து வைப்போம்” என்று இந்தப் பரிசோதனையை எடுப்பதில் பயன் இல்லை. தொடக்கநிலைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் அது ஏறுவதே இல்லை. அவர்களுக்கு உதவுவது மலத்தில் மறைந்துள்ள ரத்தத்துக்கான சோதனையும் கொலனோஸ்கோபியும்தான்.